தெரு முனை காலி இடத்துல என்ன வரணும்னு ஏரியா ஜனங்களே முடிவு பண்ணணும், எப்படி பேச வைக்கறது?

கொருக்குப்பேட்டை_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு தண்டையார்பேட்டை பக்கம். எங்க தெரு முனையில மாநகராட்சி இடம்னு சொல்றாங்க, சுமார் மூணு கிரவுண்டு இருக்கும், முன்னாடி இருந்த பழைய கட்டடத்தை இடிச்சதுக்கு அப்புறம் சும்மாவே கெடக்கு. பகல்ல குட்டியானை வண்டிங்க நிக்கும், சாயங்காலம் பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, மழை வந்தா முட்டி வரைக்கும் தண்ணி. இப்ப அங்க ஏதாவது செய்யலாம், என்ன வேணும்னு ஏரியாக்காரங்க கலந்து பேசி எழுதிக் குடுங்கன்னு வார்டு தரப்புல சொல்லியிருக்காங்க. 2024 மார்ச்ல வட சென்னை வளர்ச்சித் திட்டம்னு 4,181 கோடிக்கு ஆரம்பிச்சதுல இருந்து நம்ம பக்கம் பெரிய பெரிய வேலையா நடக்குது, ஆனா இந்த மாதிரி சின்ன இடத்துல என்ன வரணும்ங்கறது நாம வாயைத் திறந்தா தான் உண்டு, அதனால இந்த வாய்ப்பை விடக் கூடாதுன்னு நாங்க ஏழெட்டு பேர் சேர்ந்திருக்கோம்.

பிரச்சனை என்னன்னா, கூட்டம்னு போட்டா வர்றது எப்பவும் அதே முகம் தான். சொந்த வீட்டுக்காரங்க, ரிட்டயர் ஆனவங்க, கட்சிக்காரங்க. மைக்கை பிடிச்சா நாலு பேர் பேசுவாங்க, மத்தவங்க காபி குடிச்சுட்டு கிளம்பிடுவாங்க. காசிமேட்டுல மீன் எடுத்து தெருத்தெருவா விக்கற அம்மாங்க வர மாட்டாங்க, விடியறதுக்கு முன்னாடியே ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு போற அக்காங்க வர மாட்டாங்க, ஹார்பர் கன்டெய்னர் ஓட்டுறவங்க பகல்ல தூங்குவாங்க, பட்டறையில வேலை செய்யற ஒடிசா பீகார் பசங்களை யாரும் கூப்பிடறதே இல்ல. பொம்பளைங்க வந்தாலும் பின்னாடி சுவரோரம் நின்னுட்டு போயிடுவாங்க. வாட்ஸப் குரூப்ல கூகுள் ஃபார்ம் போட்டுடலாம்னு ஒருத்தர் சொல்றாரு, ஆனா குரூப்ல இருக்குறதே அந்த நாலு பேர் தானே.

அதனால கேக்கறேன், கூட்டம் போடாம, அதிகம் காசு செலவு இல்லாம, எல்லாரும் ஆர்வமா கலந்துக்கற மாதிரி வேற என்ன வழி இருக்கு? எங்கயாவது செஞ்சு பார்த்து நடந்த விஷயமா இருந்தா சொல்லுங்க. அப்புறம் ஜனங்க சொன்னது ஃபைல்ல தூங்காம இருக்கறதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க.

ராயபுரம்_ப்ளானர் எழுதியது:

நண்பா, நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம், படிச்சது டவுன் ப்ளானிங், அதனால இந்தக் கேள்விய பார்த்ததும் விட முடியல. நான் சொல்றது ஒரே ஒரு ஐடியா தான், ஆனா அதை முழுசா செய்யுங்க.

மாடல் கட்டுங்க. 1970கள்ல இங்கிலாந்துல டோனி கிப்சன்னு ஒருத்தர் இதை ஒரு முறையாவே கொண்டு வந்தாரு. குடியிருக்கறவங்களே அவங்க ஏரியாவ அட்டையில செஞ்சு, அதை தூக்கிட்டு தெருத்தெருவா போவாங்க, வர்றவங்க என்ன வேணும்னு எழுதின சீட்டை எடுத்து அந்த மாடல் மேல எங்க வேணுமோ அங்க வைப்பாங்க. இதுல சூட்சுமம் எங்க இருக்குன்னா, எல்லார் கண்ணும் கீழ அட்டையில இருக்கும், ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பார்த்து பேச வேண்டியதில்ல, மைக் இல்ல, மேடை இல்ல, எழுந்து நின்னு பேச கூச்சப்படற அம்மா கூட ஒரு சீட்டை நகர்த்தி வெச்சுட்டு போயிடும். யார் வெச்சாங்கன்னு பேர் கேக்காதீங்க, அது ரொம்ப முக்கியம்.

எப்படி செய்யறதுன்னு சொல்றேன். மொதல்ல டேப் வெச்சு இடத்தை அளந்துடுங்க. மூணு கிரவுண்டுன்னா 7,200 சதுர அடி, அதாவது 670 சதுர மீட்டர் பக்கம், 30 மீட்டருக்கு 22 மீட்டர்னு வெச்சுக்கோங்க. ஐம்பதுல ஒரு பங்கா சுருக்கினா அட்டை 60 சென்டிமீட்டருக்கு 44 சென்டிமீட்டர், ஒரு ஆள் கக்கத்துல வெச்சு தூக்கிட்டு போகலாம். இப்ப கேக்கற ஒவ்வொண்ணுக்கும் அதே அளவுல கலர் அட்டை வெட்டுங்க. வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர், ஆனா சுத்தி மூணு மீட்டர் விட்டா தான் ஆட முடியும், ஆக 24க்கு 15, அட்டையில 48க்கு 30 சென்டிமீட்டர். அதை வெச்சாலே பாதி இடம் போச்சு. கபடி கோர்ட் 13க்கு 10, ஷட்டில் கோர்ட் 13.4க்கு 6.1. அதே மாதிரி அங்கன்வாடி ஒண்ணு, கழிப்பறை ஒண்ணு, ரெண்டு மரம், நாலு பெஞ்ச், வண்டி நிக்கற இடம், எல்லாத்துக்கும் துண்டு வெட்டிக்கோங்க.

வாய்ல கேட்டா எல்லாரும் எல்லாமே வேணும்பாங்க. துண்டை கையில குடுத்து வைக்க சொன்னா எல்லாம் கொள்ளாதுன்னு அவங்க கண்ணுக்கே தெரியும், அப்ப தான் எது இல்லாம இருக்க முடியாதுங்கற பேச்சே ஆரம்பிக்கும். பக்கத்துல நிக்கறவர் வாலிபாலை எடுத்துட்டு கபடிய வைப்பாரு, இன்னொருத்தர் நடுவுல மரம் வேணும்னு அதை தள்ளுவாரு, அந்த தள்ளுமுள்ளு தான் நமக்கு வேணும். ஒவ்வொருத்தர் முடிச்சதும் மேல இருந்து ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, நேரத்தையும் இடத்தையும் மட்டும் குறிச்சுக்கோங்க, முடிஞ்சது.

மாடலை எங்க கொண்டு போகணும்ங்கறது தான் மீதி வேலை, ரேஷன் கடை, டீக்கடை, பட்டறை வாசல், சர்ச் விட்டு வர்ற நேரம். யாரையும் வான்னு கூப்பிடாதீங்க, அவங்க ஏற்கனவே நிக்கற இடத்துல போய் நீங்க நில்லுங்க.

வியாசர்பாடி_மகளிர்குழு எழுதியது:

தம்பி, ப்ளானர் தம்பி சொன்னது நல்லா கீது, ஆனா அட்டைய சுத்தி மொதல்ல ஆம்பளைங்க நின்னுட்டாங்கன்னா நம்ம பொண்ணுங்க கிட்ட வராது, அதை நீங்க மனசுல வெச்சுக்கோங்க. பொம்பளைங்களுக்கு தனியா ஒரு நேரம், தனியா ஒரு எடம் குடுங்க. அதுல வந்த கருத்தை ஆம்பளைங்க கருத்தோட கலக்காதீங்க, தனியாவே எழுதி வைங்க, இல்லன்னா கணக்குல காணாம பூடும்.

எங்க குழுவுல நாங்க கோலமாவு தான் வெச்சோம். தெருவுலயே தண்ணி தெளிச்சு பெருக்கிட்டு, இது மெயின் ரோடு, இது கால்வா, இது சப்வே, இது ரேஷன் கடைன்னு மாவுலயே இழுத்து வுட்டோம். கோலம் போடறதுக்கு யாருக்கும் சொல்லித்தர வேணாம், படிக்காத பாட்டி கூட குனிஞ்சு உக்காந்து இந்த எடத்துல லைட்டு எரியாது, இந்த சந்துல குடிச்சுட்டு உக்காந்துனு இருப்பானுங்கன்னு செங்கப்பொடி போட்டு காட்டிச்சு. தண்ணி எங்க நிக்கும்னு நீலப்பொடி. அரை மணி நேரத்துல எந்த ஆபீசர் மேப்புலயும் இல்லாதது எல்லாம் தரையில வந்துடுச்சு. கிராமங்கள்ல தொண்டு நிறுவனத்துக்காரங்க ரொம்ப வருஷமா இப்படி தரையில மேப்பு போட வெக்கறாங்கன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது, 1980கள் கடைசியிலயே ஆரம்பிச்சுட்டாங்களாம். போட்டோ எடுக்கறதுக்கு மாடியில ஒரு ஆள நிக்க வைங்க, கீழ இருந்து எடுத்தா ஒண்ணும் புரியாது.

நேரம் தான் ரொம்ப முக்கியம். மீன் விக்கறவங்க விடியறதுக்கு முன்னாடி காசிமேடு போயி, வித்து முடிச்சு மதியம் தான் வூட்டுக்கு வருவாங்க, வந்ததும் குளிச்சு சாப்ட்டு படுத்துடுவாங்க, அவங்கள சாயந்திரம் நாலு அஞ்சு மணிக்கு தெருவாசல்ல உக்காந்து பூ கட்டும்போது தான் புடிக்க முடியும். ஹவுஸ்கீப்பிங் போறவங்க ரெண்டு மணி ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸ வுட்டு எறங்கும்போது புடிங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது தெருவே வரும், சாதி மதம் பார்க்காம எல்லாரும் சொம்ப தூக்கினு வந்து நிப்பாங்க, அந்த கியூவுக்கு பக்கத்துல உங்க அட்டைய வைங்க, ஒரே நாள்ல வேலை முடிஞ்சுடும்.

இன்னொண்ணு, ராத்திரி நடந்து பாருங்க. பொம்பளைங்க பத்து பேரு சேர்ந்து எட்டு மணிக்கு அந்த காலி எடத்த சுத்தி நடங்க, எங்க பயமா கீது, எங்க இருட்டு, எங்க தப்பிக்க வழி இல்லன்னு ஒவ்வொரு எடத்துலயும் நின்னு எழுதுங்க. டொராண்டோன்னு ஒரு ஊர்ல 1989லயே பொம்பளைங்க இப்படி நடந்து பார்த்து எழுதுனாங்களாம், டிரெய்னிங்ல சொன்னாங்க. பகல்ல பார்த்தா பார்க்கு ஜோரா தான் இருக்கும், கேட்டு எந்தப் பக்கம் வரணும், சுவரு எவ்ளோ உயரம் வரணும்னு ராத்திரி நடந்தவங்களுக்கு தான் தெரியும். உயரமா மதில் கட்டுனா உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது, எங்க பக்கம் அப்படி கட்டுன பார்க்குக்கு இன்னிக்கு வரைக்கும் எந்தப் பொண்ணும் போறதில்ல.

ரிட்டயர்டு_ஜேஇ எழுதியது:

மேலே எழுதியவர்கள் இருவரும் நல்ல விஷயம் சொல்லியிருக்கிறார்கள். நான் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் ஆபீஸ் பக்கம் இருந்து கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அட்டை வெட்டுவதற்கு முன்னால் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். மாநகராட்சி இடம் என்று தெருவில் எல்லாரும் சொல்வார்கள், சர்வே நம்பர் எடுத்துப் பார்த்தால் குடிநீர் வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், வருவாய்த் துறை புறம்போக்கு என்று எதுவாகவும் இருக்கும். டவுன் சர்வே பதிவேட்டு நகல் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. அப்புறம் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மாஸ்டர் பிளானில் அந்த சர்வே நம்பர் எந்த உபயோகத்துக்குப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். இப்போது நடப்பில் இருப்பது 2026 வரைக்குமான இரண்டாவது மாஸ்டர் பிளான், மூன்றாவது 2027 முதல் 2046 வரை. ஜனங்களிடம் ஆசையைக் கிளப்பிவிட்டு அப்புறம் இடமே நம்முடையது இல்லை என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் உங்களை நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, தொகை. என்ன வேணும் என்று மட்டும் கேட்காதீர்கள், இவ்வளவு தொகைக்குள் என்ன வேணும் என்று கேளுங்கள். வார்டு உதவிப் பொறியாளரைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் உத்தேச மதிப்பு கேட்டு வாங்கி, ப்ளானர் தம்பி சொன்ன அந்த அட்டைத் துண்டின் பின்பக்கம் விலையையும் எழுதிவிடுங்கள். கூடவே பராமரிப்பையும் எழுதுங்கள். யார் காலையில் பூட்டைத் திறப்பது, தண்ணீர் எங்கிருந்து, ராத்திரி வாட்ச்மேன் உண்டா, இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. வட சென்னையில் பூட்டியே கிடக்கும் உடற்பயிற்சிக் கூடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டுவதற்குப் பணம் வந்துவிடும், நடத்துவதற்கு ஆள் இருக்காது.

மூன்றாவது, ஏரியா சபையை விட்டுவிடாதீர்கள். கூட்டம் பிடிக்கவில்லை என்பது புரிகிறது, ஆனால் சட்டப்படி உங்கள் பேச்சுக்கு இடம் இருப்பது அங்கேதான். 1992இல் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை இருக்கும் நகராட்சி அமைப்புகளில் வார்டு கமிட்டி வேண்டும் என்று அதில் இருக்கிறது, நம் ஊரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2022 ஆகிவிட்டது. கவுன்சிலர்தான் வார்டு கமிட்டிக்குத் தலைவர். வார்டை ஏரியாவாகப் பிரித்து, அந்த ஏரியாவில் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் அத்தனை பேரும் ஏரியா சபை உறுப்பினர்கள். தெருவில் நீங்கள் சேகரித்த போட்டோ, கோலமேப்பு, நடைக்குறிப்பு எல்லாவற்றையும் அந்தச் சபையில் வைத்துத் தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். அப்படி ஏற்றினால்தான் அதற்கு உயிர்.

எண்ணூர்_கடற்கரை எழுதியது:

அண்ணே, எல்லாம் சரி, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். எங்க பக்கம் கருத்து கேட்புன்னா என்னன்னு பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு. பெரிய கம்பெனி வரும்போது 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை படி முப்பது நாள் முன்னாடி பேப்பர்ல போட்டு, பந்தல் போட்டு, போலீஸ் நிக்க வெச்சு, மைக் குடுத்து பேசச் சொல்லுவாங்க. நாங்களும் காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் பேசுவோம், ஆத்துல இறால் இல்ல, சாம்பல் தண்ணி வருது, வலைய போட்டா கசடு தான் வருதுன்னு. எல்லாத்தையும் எழுதிக்குவாங்க. அப்புறம் எதை ஏத்துக்கிட்டாங்க, எதை தள்ளுனாங்க, ஏன் தள்ளுனாங்கன்னு ஊருக்கு வந்து ஒருத்தர் சொன்னது கிடையாது. இப்படியே நடந்தா ஜனங்களுக்கு வாய் எதுக்குன்னு தோணிடும்.

அதனால உங்களுக்கு ஒண்ணு கேக்கறேன், அந்த இடத்துல என்ன வரணும்ங்கறது நெசமாவே முடிவாகலயா? இல்ல எல்லாம் முடிவாகி கலர் மட்டும் உங்களை கேக்கறாங்களா? முடிவாகியிருந்தா இந்த அட்டை விளையாட்டு எல்லாம் வேணாம், நேரா போய் வேணாம்னு சொல்லுங்க. கொடுங்கையூர்ல குப்பை எரிக்கற ஆலை வேணாம்னு 2025ல ஜனங்க ரோட்டுல கைகோத்து நின்னாங்க, அதுவும் ஜனங்க திட்டமிடல்ல கலந்துக்கறது தான், யாரும் அதுக்கு கூப்பிடல, அவங்களா வந்தாங்க.

முடிவாகலன்னா ரொம்ப நல்லது, அப்ப அவங்க மேப் கொண்டு வர்றதுக்கு முன்னாடி உங்க மேப் தயாரா இருக்கணும். எங்க அனுபவம் அது தான். 1996ல ஒப்புதல் ஆன கடற்கரை மேலாண்மை வரைபடத்துல கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற கழிமுகம் முழுசா இருந்துச்சு, பின்னாடி வந்த வரைபடத்துல ஆயிரக்கணக்கான ஏக்கர் காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தப்ப தான் வெளியில தெரிஞ்சுது. எங்க பாடு, அதாவது நாங்க வலை போடற எடம் எது, எந்த மடையில எந்த மீன் வரும், எந்த மாசம் முகத்துவாரம் அடைக்கும்னு எங்க பெரியவங்களுக்கு அத்துப்படி, ஆனா அது பேப்பர்ல இல்லாத வரைக்கும் ஆபீஸ்ல அது நெலமே இல்ல, வெறும் காலி இடம். உங்க இடமும் அப்படித்தான், பசங்க ஆடறது, வண்டி நிக்கறது, மழைத்தண்ணி வந்து தங்கறது எல்லாத்தையும் இப்பவே தேதி போட்டு எழுதி போட்டோ எடுத்து வைங்க, காலியா இருந்துச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

அப்புறம் கடைசி வரைக்கும் பதில் சொல்ற வேலைய நீங்க ஏத்துக்கணும். தெரு முனையில ஒரு போர்டு வைங்க. ஒரு பக்கம் ஜனங்க சொன்னது, எதிர் பக்கம் அதுக்கு என்ன ஆச்சு. முடியாதுன்னு சொன்னாங்கன்னா முடியாது, காரணம் இதுன்னு எழுதுங்க. ஒவ்வொரு மாசமும் மாத்தி எழுதணும். அது இல்லாம எத்தனை மாடல் கட்டினாலும் ரெண்டாவது தடவை யாரும் கிட்ட வர மாட்டாங்க.

தண்டையார்பேட்டை_டீச்சர் எழுதியது:

பிள்ளைங்கள மறந்துட்டீங்களே எல்லாரும். அந்த இடத்துல தினமும் இருக்கறது அவங்க தான். நான் வேலை செய்யற பள்ளிக்கூடத்துல வீட்டுல இருந்து ஸ்கூல் வரைக்கும் வர்ற வழிய வரைங்கன்னு ஆறாம் வகுப்புக்கு சொன்னேன். பெரியவங்க யார்கிட்டயும் கேட்டா கிடைக்காத விவரம் வந்துச்சு, எந்த வீட்டு நாய் துரத்தும், ரயில்வே கேட் மூடினா எந்த சந்துல குனிஞ்சு போவாங்க, லாரி திரும்பும்போது எங்க ஒதுங்கி நிப்பாங்கன்னு. ஒரு பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு போற வழியில பாத்ரூம் இல்லன்னு தனியா ஒரு கலர்ல போட்டிருந்தா.

நீங்களும் பக்கத்து மாநகராட்சி பள்ளியில கேளுங்க, பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல பெற்றோர் தான் அதிகம், அவங்க மூலமா போனா தலைமை ஆசிரியர் ஒத்துக்குவாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு பிள்ளைங்கள ஒவ்வொரு வீட்டு சுவர்லயும் கேட்டு சாக்பீஸ்ல கோடு போடச் சொல்லுங்க, ஸ்கேல் வெச்சு அளந்து எழுதச் சொல்லுங்க. அந்தக் காலி இடத்தை மண்ணு கொட்டி உயர்த்தினா எந்த வீட்டுக்குள்ள தண்ணி போகும்னு அந்தக் கோடுகளே சொல்லிடும். இது இப்ப உங்களுக்கு கட்டாயம் தேவை, ஏன்னா பார்க்குன்னாலே மொதல்ல மண்ணு கொட்டி தூக்கி சிமென்ட் டைல்ஸ் போட்டுடுவாங்க, அப்புறம் முட்டி வரைக்கும் நின்ன தண்ணி எங்க போகும்? வீட்டுக்குள்ள தான்.

ஒடிசா பீகார் குடும்பங்க பத்தி கேட்டீங்க. அவங்க பிள்ளைங்க நம்ம ஸ்கூல்ல தமிழ் பேசிக்கிட்டு தான் சுத்துதுங்க, அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கறதே அதுங்க தான். தெலுங்கு பேசற குடும்பங்களும் நம்ம பக்கம் நிறைய. பிள்ளைங்க கையில படம் குடுத்து அனுப்பினீங்கன்னா அந்த வீட்டு பதில் படத்தோட திரும்பி வரும்.

கொருக்குப்பேட்டை_வாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விஷயம் வரும்னு நினைக்கவே இல்ல. எண்ணூர் அண்ணனுக்கு பதில், இடத்துல என்ன வரணும்னு இன்னும் முடிவாகலன்னு தான் சொல்றாங்க, நாளைக்கே போய் எழுத்துல கேட்டுடறேன். சர்வே நம்பரும் எடுக்கறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு. ஒண்ணு, குட்டியானை வண்டிக்காரங்க. அவங்களுக்கு நிறுத்த வேற இடம் கிடையாது, பதினஞ்சு இருபது குடும்பம் அதுல தான் சாப்பிடுது. பார்க் வேணும்னு நூறு பேர் சீட்டு வெச்சா அவங்க தோத்துடுவாங்க, அப்புறம் தெருவுல தினமும் சண்டை. ரெண்டாவது, வாடகைக்கு இருக்கறவங்க பேர் இங்க வாக்காளர் பட்டியல்ல இல்ல, அப்ப ஏரியா சபையில அவங்க கணக்குல வர மாட்டாங்களே?

ராயபுரம்_ப்ளானர் எழுதியது:

ஜேஇ சார் சொன்ன விலை எழுதற ஐடியாவ நான் முழுசா ஏத்துக்கறேன், அதை சேர்த்துக்கோங்க.

வண்டிக்காரங்க விஷயத்துக்கு வர்றேன். தலைய எண்ணி முடிவு பண்ணாதீங்க. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேன்னு ஒரு நகரம், 1989ல இருந்து நகராட்சி பட்ஜெட்ல புது வேலைக்கு போற பணத்தை எதுக்கு செலவு பண்றதுன்னு ஜனங்களே பேட்டை பேட்டையா கூடி முடிவு பண்ணாங்க. அங்க அதிகம் பேர் கேட்டது எதுன்னு மட்டும் பார்க்கல, எந்தப் பேட்டைக்கு அந்த வசதி ரொம்ப குறைவோ அதுக்கு கூட மார்க் போட்டாங்க. அதனால தான் ஏழைங்க இருந்த பக்கத்துக்கு தண்ணியும் பாதாள சாக்கடையும் மொதல்ல போச்சு, 1988ல 75 சதவீத வீட்டுக்கு இருந்த இணைப்பு 1997ல 98 சதவீதமாச்சு. நீங்களும் அப்படியே ஒரு கணக்கு வைங்க. இந்த இடம் போனா யாருக்கு வேற வழியே இல்லையோ அவங்களுக்கு கூட எடை. வண்டிக்காரங்களுக்கு வேற வழி இல்ல, பசங்களுக்கும் வேற மைதானம் பக்கத்துல இல்ல, நடை போகற பெரியவங்களுக்கு வேற தெரு இருக்கு.

அப்புறம் கேரளாவுல 1996ல மக்கள் திட்டம் ஆரம்பிச்சப்ப கிராம சபையில கூட்டமா உக்கார வெச்சு பேசல, விஷயத்துக்கு ஒரு குழுவா பிரிச்சு உக்கார வெச்சாங்க, குடிநீர் ஒரு பக்கம், விவசாயம் ஒரு பக்கம்னு. அதனால ஏரியா சபைக்கு போகும்போது நீங்களும் நாற்காலிய மேடையைப் பார்த்து போடாம வட்டம் வட்டமா போடுங்க. ஒரு வட்டத்துல வண்டிக்காரங்களையும் கிரிக்கெட் பசங்களையும் வேணும்னே சேர்த்து உக்கார வைங்க. என் கணிப்பு, நேரத்தை பங்கு போட்டுக்குவாங்க, வண்டி ராத்திரியிலயும் பகல்லயும், சாயந்திரம் நாலுல இருந்து எட்டு வரைக்கும் விளையாட்டுன்னு. அது சரியா வருமான்னு பேப்பர்ல பேசிக்கிட்டு இருக்காதீங்க, ஒரு மாசம் கயிறு கட்டி சுண்ணாம்பு கோடு போட்டு நடத்திப் பாருங்க. சிமென்ட் போட்டதுக்கு அப்புறம் மாத்த முடியாது, சுண்ணாம்பை தண்ணி ஊத்தி அழிச்சுடலாம்.

வாடகைக்காரங்க பத்தி, சபையில கை தூக்கற உரிமை சட்டப்படி வாக்காளருக்கு தான், ஆனா மாடல்ல சீட்டு வைக்கறதுக்கு யாரும் வாக்காளர் அட்டை கேக்க முடியாது. எல்லார் சீட்டையும் ஒண்ணா இணைப்பா வெச்சு தீர்மானத்தோட குடுங்க.

வியாசர்பாடி_மகளிர்குழு எழுதியது:

பிகாரு பசங்கள பத்தி நானும் ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமை மதியம் சிம் கடையிலயும் கோழிக்கடையிலயும் தான் அவங்க நிப்பாங்க, அங்க அட்டைய வைங்க. அவங்க கேக்கறது பெரும்பாலும் குளிக்கற எடம், கழிப்பறை, தண்ணி. அது நம்ம பொண்ணுங்களும் கேக்கறது தான். தண்ணின்னா இன்னொரு வழியும் இருக்கு, மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை காலையில மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகத்துல குறை கேக்கற கூட்டம் நடக்கும், அங்க போயி பைப் கனெக்ஷன் அந்த எடத்துக்கு குடுக்க முடியுமான்னு முன்கூட்டியே கேட்டு வைங்க.

ரிட்டயர்டு_ஜேஇ எழுதியது:

டீச்சர் அம்மா சொன்ன வெள்ளக்கோடு விஷயம் முதல் தரம். அந்த அளவுகளை ஒரு எளிய வரைபடத்தில் ஏற்றி மழைநீர் வடிகால் பிரிவுக்குத் தனியாக ஒரு நகல் கொடுங்கள். கொசஸ்தலை வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு பெரிய அளவில் வடிகால் போடுகிறார்கள், நம் பக்கத்துச் சின்னத் தெருக்களில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பிள்ளைகள் அளந்த கணக்கு வேறு எந்தக் கன்சல்டன்ட்டிடமும் இருக்காது.

மனு கொடுக்கும்போது ஒரே மனுவாகப் போட வேண்டாம். ஏரியா சபைத் தீர்மானம் ஒன்று, அதன் நகலோடு வார்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம், மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் சீலும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் பணம் போட யாராவது முன்வந்தால் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும், ஆனால் உங்கள் தெருவில் அதை முதல் வழியாக வைக்க வேண்டாம், பணம் போட்டவர் பேச்சுதான் அப்புறம் நடக்கும். கடிதத்தில் என்ன வேண்டும் என்பதோடு என்ன வேண்டாம் என்பதையும் எழுதுங்கள், தரையை உயர்த்தக் கூடாது, மதில் இடுப்பு உயரத்துக்கு மேல் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது என்று. எஸ்டிமேட் போடுகிறவன் கையில் அது இருந்தால் அந்த அயிட்டத்தைச் சேர்க்க மாட்டான். சர்வே நம்பர் கிடைத்ததும் இங்கே போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருகிறேன்.

எண்ணூர்_கடற்கரை எழுதியது:

போர்டு எழுதறதுக்கு ஆள் வேணும்னா சொல்லுங்கண்ணே, எங்க ஊர்ல படகுக்கு பேர் எழுதற பசங்க இருக்காங்க, கேட்டா வந்து எழுதிக் குடுப்பாங்க. பெயின்ட் மட்டும் உப்புக்காத்துக்கு தாங்கற எனாமலா வாங்கி வைங்க.